வாலுக்குப் போன எழுத்து

ஒரு நாயின் வால் ஆட வேண்டும் என்பதற்காக என்னிடமிருந்து ஓர் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். எழுத்தை இழந்து பார்க்காதவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நிஜிமாசு நிறுவனம் ஒசாகாவில், தனிமாச்சியில், பொத்தான்களை மொத்தமாக விற்கும் கடையொன்றின் மாடியில் இருந்தது. நிஜிமாசு என்பது ஓர் ஆற்று மீனின் பெயர். முதலாளி கமிதானிக்குத் தூண்டில் என்றால் உயிர். அதனால் அந்தப் பெயர். காப்பிக் கடைகளில் மேசையோடு மேசையாகக் கிடந்த விளையாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவருடைய முதல் தொழில். பிறர் செய்த பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்ததில், தாமே செய்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம் என்னும் எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டு கேசட்டுகள் நாடெங்கும் பரவத் தொடங்கிய நேரம் அது. அவரும் ஒன்று செய்து வெளியிட்டார். அதில் திரையில் தோன்றிய வாக்கியங்களில் வேற்றுமை உருபுகள் தாறுமாறாகக் கிடந்ததைக் கண்ட பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்களின் ஜப்பானிய மொழியையே இந்த விளையாட்டு கெடுத்துவிட்டது என்று தொலைபேசியில் அவரை அழைத்துத் திட்டித் தீர்த்தார். அதன் விளைவாகவே நான் அந்த மாடிக்குப் போனேன். அதுவரை பாடநூல் பதிப்பகமொன்றில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன்.

திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லும் இசோகாயின் கையைக் கடந்த பிறகுதான் வெளியே போகும் என்று கமிதானி எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். இசோகாய் என்பது நான். கதையும் நானே எழுதினேன். பேச்சும் நானே எழுதினேன். எதையாவது கேட்க வேண்டுமென்றால் அவர் தம் நாற்காலியை என் பக்கம் திருப்பி, இது சரியா என்று கேட்பார். நான் சரி என்றால் சரி. அந்த மாடியில் படம் யாருடையதாகவும் இருக்கலாம், இசை யாருடையதாகவும் இருக்கலாம், சொல் என்னுடையது.

பின்னர் யோரிகோ வந்தாள்.

அவள் சாகாயில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவரின் மகள். எந்தக் கலைப் பள்ளியிலும் படித்து முடித்தவள் அல்லள். புள்ளி புள்ளியாகப் படம் வரைய ஆள் தேவை என்னும் அறிவிப்பைப் பார்த்து வந்தவள். வாயைத் திறந்து சிரிப்பாள். மேசையிலேயே சாப்பிடுவாள். ஓர் உருபைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாது. ஆனால் எட்டுக்கு எட்டு என்று புள்ளிகள் கொண்ட கட்டத்துக்குள் அவள் ஒரு தவளையை உட்கார வைத்தால், அடுத்த கணம் அது தாவிவிடும் போலிருக்கும். அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேராவது நின்றுகொண்டிருப்பார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் யாரும் நின்றதில்லை. வாக்கியம் திருந்துவதை நின்று பார்க்க என்ன இருக்கிறது?

கமிதானியின் நாற்காலி என் பக்கம் திரும்புவது குறைந்தது. அவள் என்னை அக்கா என்று அழைத்தாள். வேறு எவரும் என்னை அப்படி அழைத்ததில்லை. அதற்காக அவளை வெறுக்க முடியவில்லை என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

'ஏழு கணவாய்' என்ற விளையாட்டுக்கான கதையை நான் எழுதினேன். முதுகில் மருந்துப்பெட்டியைச் சுமந்து ஊர் ஊராக விற்கும் ஒருவர், தம் நாயோடு பனிக்காலத்தில் ஏழு கணவாய்களைக் கடக்கிறார். ஒவ்வொரு கணவாயின் அடியிலும் ஒரு சத்திரம். ஆடுகிறவர் அங்கே தங்கினால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். சத்திரக்காரி அவருக்குச் சோறு வைத்துவிட்டு, "நாய்க்கும் ஏதாவது போடவா?" என்று கேட்பாள். நான் எழுதியது அதுதான். அதில் ஒரு பிழையும் இல்லை.

இங்கே ஒரு தொழில் விவரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கால கேசட்டில் படங்களுக்கென்று மிகக் குறைந்த இடமே இருந்தது. எழுத்துகளும் அதற்குப் படங்களே. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். மரக்கிளைக்கு ஒரு கட்டம். கூரை ஓட்டுக்கு ஒரு கட்டம். ஆகவே ஒவ்வொரு விளையாட்டு முடியும் தறுவாயிலும் எந்த எழுத்து குறைவாகப் பயன்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதைக் கழற்றிவிட்டு, அந்தக் கட்டத்தைப் படத்துக்குக் கொடுப்பார்கள். அந்த எழுத்து வரும் வாக்கியங்களை நான் மாற்றி எழுத வேண்டும். எல்லா இடங்களிலும் நடந்தது இது. நானும் பழகியிருந்தேன்.

கணினி நிரல் எழுதுபவர் ஹிரூமா. ஒரு மதியம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"இசோகாய் சான், இந்த 'னு' நமக்கு வேணுமா?" என்றார், உப்பு வேண்டுமா என்று கேட்பதைப் போல.

எங்கள் மொழியில் நாய்க்கு 'இனு' என்று பெயர். இரண்டே எழுத்து. அதில் ஒன்றை எடுத்தால் நாயே இல்லை. இறப்பது என்னும் வினைக்கும் அந்த எழுத்து வேண்டும். நாயும் சாவும் இல்லாமல் இந்தக் கதை ஏது என்று கேட்டேன். சாவதை உறங்குவது என்று எழுதிக்கொள்ளலாமே என்றார். நாயை என்னவென்று எழுதுவது என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோரிகோவைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அந்தக் கட்டத்தைக் கேட்டவள் அவள். நாயின் வாலுக்காகக் கேட்டிருக்கிறாள்.

கமிதானி எல்லோரையும் அழைத்தார். யோரிகோ இரண்டு விதமாகவும் திரையில் காட்டினாள். கூடுதல் கட்டம் இல்லாதபோது நாய் நடந்தது. வால் குச்சியாக நின்றது. கட்டம் கிடைத்தபோது வால் ஆடியது. அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் வால் ஆடத் தொடங்கியதும் அறையில் இருந்த அனைவரும் ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். வாழ்நாளில் நாய் வளர்த்தறியாத கமிதானி சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த வால் எனக்கும் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

"நாயை வரையலாம், ஆட்டலாம், நாயின்னு சொல்ல மட்டும் கூடாது. இது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

யோரிகோவின் வாயில் தாகோயாகி என்னும் மாவுருண்டைப் பலகாரம் இருந்தது. அதை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"எதுக்கு அக்கா நாயின்னு சொல்லணும்? எங்க கடை வாசல்ல யாராவது நாயோட வந்து நின்னா எங்கம்மா அப்படியா கேப்பா? 'அந்தப் புள்ளைக்கும் பரிமாறட்டுமா'ன்னுதான் கேப்பா."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருப்பதை எடுத்துக் காட்டினேன். விலங்கைப் பிள்ளை என்பது ஒன்று. விலங்குக்குப் பரிமாறுவது மற்றொன்று. மனிதருக்குத்தான் பரிமாறுவோம், நாய்க்குப் போடுவோம். பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் விதி இது. இன்று நாய்க்குப் பரிமாறினால் நாளை மீன்தொட்டியில் இருக்கும் மீனுக்குப் பந்தி விரிப்பார்கள் என்றேன். ஹிரூமா கீழே பார்த்துக்கொண்டார்.

கமிதானி திரையில் ஆடிக்கொண்டிருந்த வாலை மறுபடியும் பார்த்தார். பிறகு, "தப்பாவே இருக்கட்டும், இசோகாய் சான். கேக்க நல்லாருக்கு" என்றார்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. தவறு, நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே மூச்சில். என் மேசைக்குத் திரும்பிப் போய் அந்த வாக்கியத்தை என் விரல்களாலேயே உள்ளிட்டேன். வேறு எவரும் உள்ளிட்டால் அதில் மூன்றாவது பிழை சேர்ந்துவிடும்.

ஆறாவது கணவாயில் நாய் பனியில் விழுந்து உறங்கிவிடுகிறது. ஏழாவது சத்திரத்துக்கு மருந்துக்காரர் தனியாகப் போகிறார். ஆனால் எல்லாச் சத்திரங்களிலும் ஒரே வாக்கியம்தான் வரும், அங்கேயும் சத்திரக்காரி, "அந்தப் பிள்ளைக்கும் பரிமாறட்டுமா?" என்றே கேட்டாள். இல்லாத நாய்க்கு எதைப் பரிமாறுவது, கடைசிச் சத்திரத்துக்கு மட்டும் வேறு வாக்கியம் வேண்டும் என்று ஹிரூமாவிடம் வாதாடினேன். ஒரு காற்புள்ளிக்குக்கூட இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். யோரிகோ அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தாள். இந்த வாதத்தில் அவளுக்குப் பங்கே இல்லை. பிழை பிழையாகவே வெளியே போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் நாட்டின் பாதிப் பிள்ளைகள் ஏழாவது சத்திரத்தில் உட்கார்ந்து அழுதார்கள். பெரியவர்களும் அழுதார்கள். பத்திரிகை ஒன்றில் முழுப் பக்கக் கட்டுரை வந்தது. கதை முழுவதிலும் நாயை நாய் என்று ஒரு முறைகூட அழைக்காத நுட்பத்தையும், இல்லாத உயிருக்காகச் சத்திரக்காரி கேட்கும் அந்தக் கடைசிக் கேள்வியின் துணிச்சலையும் அதை எழுதியவர் வியந்திருந்தார். கெளுத்தி என்பவர் யார் என்றும் கேட்டிருந்தார்.

கெளுத்தி நான்தான். திறமையானவர்களைப் பிற நிறுவனங்கள் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று, அந்நாளில் முதலாளிகள் எங்கள் உண்மைப் பெயர்களைத் திரையில் போட மாட்டார்கள். நிஜிமாசுவில் எல்லோருக்கும் மீன் பெயர். பூமிக்கு அடியில் கெளுத்தி புரண்டால் நிலம் நடுங்கும் என்பார்களே, நான் மேசையைத் தட்டினால் மாடியே நடுங்குகிறது என்று கமிதானி எனக்கு அந்தப் பெயரை வைத்தார். யோரிகோ அயிரை. 'படம்: அயிரை' என்றும் 'எழுத்து: கெளுத்தி' என்றும் திரையில் வரும். ஆகவே பாராட்டெல்லாம் கெளுத்திக்கு வந்து சேர்ந்தது.

திருடனுக்குக்கூடத் தான் திருடிய பொருள் பிடித்திருக்கும். எனக்கு அந்த வரி பிடிக்கவே இல்லை. நான் திருடவும் இல்லை. அந்தக் கட்டுரையை யோரிகோதான் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். படிக்கத் தெரியாத இரண்டு சொற்களில் தடுக்கினாள். முடித்துவிட்டு, அக்காவை எப்படிப் புகழ்ந்திருக்கிறார்கள் பாருங்கள் என்று கண் கலங்கினாள். அவள் நடிக்கவில்லை. அந்த வரியைச் சொன்னது தான் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். வாயில் உணவை வைத்துக்கொண்டு சொன்ன சொல்லை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நான் வாரக்கணக்கில் கட்டிய வாக்கியங்கள் ஒருவருக்கும் நினைவில்லை. அவள் மென்றுகொண்டே சொன்னது நாடு முழுவதற்கும் மனப்பாடம். அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. தேவையில்லாதவளிடம் போய்ச் சேர்கிற செல்வத்தைப் பார்த்துக்கொண்டு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை நான் விளக்கப் போவதில்லை.

பிறகு புதிய இயந்திரங்கள் வந்தன. இடப்பஞ்சம் தீர்ந்தது. எல்லா எழுத்துகளும், ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளும்கூட, என் கைக்கு வந்தன. கமிதானி தம்மிடம் இருந்த அனைத்தையும் போட்டு 'மேகக் கோட்டை' என்றொரு விளையாட்டைத் தொடங்கினார். இந்த முறை எதற்கும் குறை வைக்க வேண்டாம், மனம்போல எழுதுங்கள் என்றார். எழுதினேன். நான் எழுதியவற்றில் அதைவிடச் செம்மையானது வேறு இல்லை. அது விற்கவில்லை. பேச்சு அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. நிறங்கள் மங்கலாக இருந்ததே காரணம் என்பது என் கருத்து. இன்றும் அதுதான் என் கருத்து. எப்படியானாலும் நிஜிமாசுவால் அதன் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. முதலில் இசைக்காரர் போனார். பிறகு ஹிரூமா போனார். கடைசியில் மேசைகளை வாங்கிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள்.

மேசைகள் படியிறங்கிக்கொண்டிருந்த அன்றுதான் தோக்கியோவிலிருந்து முராகோஷி என்பவர் வந்தார். அங்கே பெரிய நிறுவனமொன்றில் விளையாட்டுகளைத் தயாரிக்கும் பொறுப்பில் இருப்பவர். மாடியில் கமிதானி, நான், யோரிகோ மூவர் மட்டுமே மிஞ்சியிருந்தோம். கெளுத்தியைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். கமிதானியின் முகம் மலர்ந்தது. மூழ்கும் படகிலிருந்து ஒருத்தியையாவது கரையேற்றிவிடலாம் என்னும் மலர்ச்சி அது. இவர்தான் என்று என்னைக் காட்டினார்.

முராகோஷி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். ஏழாவது சத்திரத்தில் தாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நடந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்த வரியை எழுதியவரைத் தேடுவதற்காகவே ஒசாகாவுக்கு வந்ததாகவும், தோக்கியோவில் எனக்கென்று ஓர் அறையும் நான் சொல்வதைக் கேட்கும் ஒரு குழுவும் காத்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. திருமணம் இல்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை. தலையை அசைத்தால் போதும். மறுக்க ஆள் இல்லை. அந்த வரிக்கு உரியவள் தன் மேசை இழுப்பறையில் ஒட்டிக் கிடந்த மிட்டாயைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நேர்மையினால் நான் பேசினேன் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். தோக்கியோவில் ஒவ்வொரு நாளும் அவர்கள் என்னிடம் அப்படி இன்னொரு வரி கேட்பார்கள். நான் அவளைப் போல எழுத வேண்டியிருக்கும். அவள் பெயர் இல்லாத இடத்திலும் அவளுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அதை என்னால் தாங்க முடியாது.

"அது என் வரி இல்லைங்க" என்றேன். "அதுல ரெண்டு பிழை இருக்கு. நான் எழுதியிருந்தா இருக்காது. அதச் சொன்னது இவ."

யோரிகோ நிமிர்ந்தாள். "நானா? எப்ப அக்கா?"

"தாகோயாகி தின்னுக்கிட்டே சொன்னே."

அவள் கூரையைப் பார்த்து யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. ஆனால் அது எங்கம்மா கேட்கிற மாதிரிதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். முராகோஷி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மரியாதை தெரிந்தவர், உடனே அவள் பக்கம் திரும்பிவிடவில்லை. அப்படியானால் நான் எழுதியதில் எனக்குப் பிடித்த வரி எது என்று கேட்டார்.

'ஏழு கணவாய்' தொடங்கும்போது வருகிற வரியைச் சொன்னேன். "மூன்று தலைமுறைகளாக இவ்வழியே மருந்து சுமந்து சென்றோரின் அடிச்சுவடுகளை இந்தப் பனி மூடியிருக்கிறது." ஒரு சொல்லை எடுத்தால் முழுவதும் சரிந்துவிடும், அப்படிக் கட்டியிருந்தேன்.

அவர் கவனமாகக் கேட்டார். மனத்துக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

"ரொம்பச் சரியா இருக்குங்க" என்றார்.

அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதும் நான் பிறர் வாக்கியங்களுக்குக் கொடுத்துவந்த மிக உயர்ந்த சான்றிதழ் அது. அதை ஒருவர் எனக்குக் கொடுத்தபோது, இவ்வளவு மெலிந்ததா அது என்று வியந்துபோனேன். அவருடைய உடல் அதற்குள் யோரிகோவின் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது.

அவள் வரத் தயார் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "அக்காவும் வரணும். எனக்கு வரிக்கு வரி தப்பு வரும். இவங்க பக்கத்துல உக்காந்து திருத்தினாத்தான் எனக்கு ஓடும்."

அதற்கென்ன, ஓர் இடம் பண்ணிவிடலாம் என்றார் முராகோஷி. நல்ல மனிதர். அவளும் நல்லவள். இருவரும் நல்லவர்களாக நின்றுகொண்டு, அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்கள்.

"ஒன் தப்பத் திருத்த அங்க ஆள் கெடைப்பாங்க" என்றேன்.

அவள் முகம் வாடியது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் நிறைவாக இருந்தது. அந்த நிறைவு படியிறங்குவதற்குள் தீர்ந்துபோயிற்று. கீழே பொத்தான் கடை வாசலில் கமிதானி என் பின்னாலேயே வந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள், சும்மா தலையை ஆட்டியிருக்கலாமே என்று கேட்டார்.

"எனக்கு வாலாட்ட வராது, முதலாளி" என்றேன்.

அதன்பின் மோரிகுச்சியில் மின்சோற்றுப்பானைகளுக்கான கையேடுகளைத் திருத்தும் வேலை கிடைத்தது. நான் திருத்திய கையேட்டைப் படித்துவிட்டுச் சோற்றைக் குழைத்தவர் எவரும் இல்லை. யோரிகோ தோக்கியோவில் உயர்ந்துகொண்டே போனாள். அவளுடைய விளையாட்டு வெளிவரும் நாளிலேயே கடைக்குப் போய் வாங்கிவிடுவேன். சிறுவர்களோடு வரிசையில் நிற்க எனக்கு வெட்கமில்லை. வீட்டுக்கு வந்ததும் அதில் பிழை தேடுவேன். முதலாவதில் பக்கத்துக்குப் பக்கம் பிழை. உருபு ஓரிடம், வினை ஓரிடம் என்று கிடந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லித் திருத்தினேன். நன்றாகத் தூங்கினேன். இரண்டாவதிலும் அப்படித்தான். என்னை விட்டுப் போனவளுக்கு நான் இல்லாத குறை திரையிலேயே தெரிகிறது என்று எண்ணிக்கொண்டேன். விட்டு வந்தது நான்தான் என்றாலும் அந்த எண்ணம் இனித்தது.

சென்ற மாதம் அவளுடைய புதிய விளையாட்டு வந்தது. தொடக்கத்தில் பிழை இல்லை. தற்செயல் என்று நினைத்தேன். நடுவிலும் இல்லை. அவளுடைய பேச்சு அப்படியே இருந்தது, மென்றுகொண்டே சொன்னதைப் போல, எவருடைய அம்மாவோ வாசலில் நின்று கேட்பதைப் போல. ஆனால் உருபுகள் தத்தம் இடத்தில் இருந்தன. நீண்ட வாக்கியமொன்று ஓரிடத்தில் மூச்சு வாங்க நிற்க வேண்டும். யோரிகோவுக்கு அது தெரியாது. அங்கே ஒரு காற்புள்ளி இருந்தது. நானாக இருந்தாலும் அங்கேதான் இட்டிருப்பேன்.

யாரோ அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவளுடைய சொல்லை உடைக்காமல், அவளுக்கே தெரியாமல், துடைத்து வைக்கிறார். அது எவ்வளவு கடினமான வேலை என்பது எனக்குத் தெரியும். யோரிகோவைப் பற்றி நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. அந்த மற்றவர் ஆணா, பெண்ணா, என்ன வயது, அவரை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். எங்காவது ஒன்றையாவது அவர் விட்டிருப்பார்.